தகரக் கூரை: தகட்டைத் தேர்ந்தெடுத்தலும் காற்றுக்கு அஞ்சாதபடி அமைத்தலும்

விளைவித்தல் ஒரு தொழில். விளைந்ததைக் காத்தல் மற்றொரு தொழில். முன்னதற்குக் குடியானவர்கள் எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதியேனும் பின்னதற்கு எடுத்துக்கொள்வார்களாயின், ஆண்டுதோறும் மழையிலும் காற்றிலும் வீணாகும் பொருளில் பெரும்பகுதி மிஞ்சும். நெல் மூட்டைகள், உரம், வைக்கோல், உழவுக் கருவிகள், கறவைப் பசுக்கள் ஆகிய யாவும் ஒரு கூரையை நம்பியே இருக்கின்றன. அக்கூரை நிலைத்தால் அவை நிலைக்கும்.

முற்காலத்தில் தென்னங்கீற்றும் பனையோலையும் வைக்கோலும் கொட்டகைகளுக்குப் போதுமானவையாயிருந்தன. கீற்றுக் கூரையின் கீழ் வெயில் தெரியாது, செலவும் குறைவு. ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளுக்கொருமுறை அதனை மாற்றியாக வேண்டும். கீற்று முடைவோரும் கூரை வேய்வோரும் குறைந்துவிட்டனர். தீ விபத்தின் பயமும் எப்பொழுதும் உண்டு. ஆதலால் நிலமுடைய குடியானவர்களில் பெரும்பாலோர் இப்போது தகரக் கூரையையே விரும்புகின்றனர். முறைப்படி அமைத்த தகரக் கூரை பல ஆண்டு உழைக்கும் என்பதில் ஐயமில்லை. முறை தவறி அமைத்ததோ முதல் புயலிலேயே உடையவனை விட்டுப் பறந்துபோம்.

2011ஆம் வருஷம் டிசம்பர் 30ஆம் தேதி காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயலும், 2018ஆம் வருஷம் நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலும் இவ்வுண்மையை அப்பிரதேசங்களுக்கு நன்கு கற்பித்தன. கூரைத் தகடு பறப்பதற்குப் பெரும்பாலும் தகட்டின் பலவீனம் காரணமன்று. அதைப் பிடித்திருந்த ஆணியும் போல்ட்டும் கட்டையும் விட்டுக்கொடுப்பதே காரணம். தடித்த தகடு வாங்கப் பணம் செலவிட்டவர் போல்ட்டில் மிச்சம் பிடித்தால் அந்தத் தடிப்பினால் அவருக்கு யாதொரு பிரயோஜனமும் இல்லை. இக்கட்டுரையில் சொல்லப்படுவன பலவாயினும் மனத்திற் கொள்ள வேண்டியது இவ்வொன்றே.

காற்று கூரையை என்ன செய்கிறது?

ஓட்டுக் கூரைக்கும் தகரக் கூரைக்கும் உள்ள முக்கிய வேற்றுமை பாரமாகும். ஓடு தன் பாரத்தினாலேயே பெரும்பாலும் தன்னிடத்தில் இருக்கும். தகடோ ஒரு சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோவுக்கு மேல் இராது. காற்று சரிந்த கூரையின்மேல் விரைந்து செல்லும்போது அதனைக் கீழே அழுத்துகிறது என்று பலர் எண்ணுகின்றனர். சரிவு குறைந்த கூரைகளில் நடப்பது அதற்கு நேர்மாறானது. காற்று கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. பக்கங்கள் திறந்த கொட்டகையாயின் உள்ளே புகுந்த காற்றும் கீழிருந்து மேலே தள்ளுகிறது.

இவ்விசையின் அளவைக் கணக்கிடலாம். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 68 கிலோ எடைக்குச் சமமாகும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. வேகம் 160 கிலோமீட்டராக உயரும்போதே அழுத்தம் 121 கிலோவாகிவிடும்.

முப்பதடி நீளமும் இருபதடி அகலமும் உள்ள, அதாவது சுமார் 9 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள ஓர் இருசரிவுக் கொட்டகையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். அதன் கூரைப் பரப்பு விளிம்பு நீட்டங்களையும் சேர்த்து ஏறக்குறைய 70 சதுர மீட்டர். அதை மூடப் பன்னிரண்டடித் தகடுகள் இருபது வேண்டும். அவற்றின் மொத்த எடை 360 கிலோ அளவில் இருக்கும். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்றில் அக்கூரையை மேலே இழுக்கும் விசையோ 4,700 கிலோவுக்கு மேற்பட்டதாகலாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாங்குவது போல்ட்டும் சட்டமும் தூணும் அஸ்திவாரமுமேயன்றி வேறில்லை. மூலைகளிலும் முகட்டோரத்திலும் கீழ்விளிம்பாகிய இறவாணத்திலும் இழுப்பு மற்ற இடங்களைவிட அதிகம். ஆகையால் கூரை முதலில் கிளம்புவது இவ்விடங்களிலேதான்.

தகட்டின் வகைகள்

இரும்புத் தகட்டை நெளித்தால் அது வளையாமல் நிற்கும் என்பதைக் கண்டு, 1829ஆம் வருஷத்தில் லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளரான ஹென்றி ராபின்சன் பாமர் அதற்கு உரிமை பெற்றார். 1837இல் பிரான்சு தேசத்துச் சோரெல் என்பவர் உருக்கிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்க்கும் முறைக்கு உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்று கடைகளில் கிடைக்கும் தகரக் கூரையின் ஆதியாகும். இப்போது விவசாயிகளுக்கு உபயோகமாகும் தகடுகள் நான்கு வகைப்படும்.

முதலாவது, துத்தநாகப் பூச்சுத் தகடு. இதனையே ஜி.ஐ. ஷீட்டு என்பர். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும் குணமுடையது. தகட்டில் சிறு கீறல் விழுந்தாலும் அவ்விடத்தில் உடனே துரு ஏறாமைக்கு இதுவே காரணம். மாட்டுக் கொட்டிலுக்குக் கனத்த பூச்சுள்ள இவ்வகை தகுந்தது.

இரண்டாவது, அலுமினியமும் துத்தநாகமும் கலந்த பூச்சுத் தகடு. 1972இல் அமெரிக்காவில் பெத்லஹேம் இரும்புக் கம்பெனியார் இதனைக் கால்வல்யூம் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். பூச்சின் எடையில் அலுமினியம் நூற்றுக்கு 55 பங்கு. எஞ்சியதில் ஏறக்குறைய முழுவதும் துத்தநாகம். சிறிது சிலிக்கானும் உண்டு. திறந்த வெளியில் இது வெறும் துத்தநாகப் பூச்சைவிட மெதுவாகவே தேயும். களஞ்சியம், கருவிக் கொட்டகை, குடியிருப்பு ஆகியவற்றுக்கு நல்லது. ஆனால் மூத்திரத்திலிருந்தும் எருவிலிருந்தும் எழும் அம்மோனியா ஆவி இதற்கு ஆகாது. ஆதலால் மாடுகளையும் கோழிகளையும் நெருக்கமாக அடைக்கும் இடங்களுக்கு இதனை வாங்கலாகாது.

மூன்றாவது, மேற்கூறிய தகடுகளின்மீது ஆலையிலேயே வர்ணம் ஏற்றியது. கலர் ஷீட்டு என்று வழங்குவது இதுவே. வர்ணத்தின் அழகில் மயங்காமல் அதனடியில் உள்ள பூச்சு எது, எவ்வளவு என்பதை விசாரிக்க வேண்டும். வெயிலைக் குறைக்க வேண்டின் வெண்மை அல்லது மங்கிய வெளிர் நிறமே ஏற்றது.

நான்காவது, அலுமினியத் தகடு. கடற்கரைக் கிராமங்களில் உப்புக் காற்றை இது நன்கு தாங்கும். விலை அதிகம், மிருதுவானது, உஷ்ணத்தில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும். செம்புக் கம்பியோ ஈரமான சுண்ணாம்போ சிமெண்டோ இதன்மேல் படலாகாது.

வாங்கும்போது சோதித்தல்

கடைக்காரர் சொல்லும் கனம் பெரும்பாலும் பூச்சும் வர்ணமும் சேர்ந்த கனமாகும். கூரையின் பலம் இரும்பின் கனத்தைப் பொறுத்ததாதலால், ‘பூச்சு நீங்கலாக இரும்பு எவ்வளவு?’ என்று கேட்பது அவசியம். விவசாயக் கொட்டகைகளுக்கு இரும்பு 0.50 மில்லிமீட்டருக்குக் குறையாமலிருத்தல் நலம். புயல் வரும் கடற்கரைப் பகுதியில் 0.63 மில்லிமீட்டர், அதாவது பழைய கணக்கில் 24ஆம் கேஜ் தகட்டைக் கொள்வது பின்னும் நலம்.

பூச்சின் அளவு ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று இரு முகங்களையும் சேர்த்துக் குறிக்கப்படும். துத்தநாகப் பூச்சுத் தகடுகளுக்குரிய இந்தியத் தரம் ஐ.எஸ். 277 ஆகும். அதில் 120, 180, 220, 275 கிராம் முதலிய தரங்கள் உண்டு. 120 கிராம் பூச்சு மலிவாயிருக்கலாம். துத்தநாகம் குறையக் குறையத் தகட்டின் ஆயுளும் குறையும் என்பதை மறக்கலாகாது. மாட்டுக் கொட்டிலுக்கு 275 கிராமே கேட்டு வாங்க வேண்டும். அலுமினியக் கலப்புப் பூச்சில் 150 கிராம் இதற்கு ஏறக்குறைய ஒத்த கனமாகும். அப்பூச்சு எடையில் இலகுவானதால் கிராம் எண் குறைந்து தோன்றுகிறது.

கனத்தைச் சோதிக்க நுண்ணிய கருவி இல்லாதவர்கள் தராசையும் நூலையும் கொண்டே சோதிக்கலாம். தகட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரையில் மேடு பள்ளங்களில் படியும்படி நூலை வைத்து அளந்தால், நெளிப்பதற்கு முன் தகடு எவ்வளவு அகலமாயிருந்தது என்பது தெரியும். அந்த அகலத்தை நீளத்தால் பெருக்கினால் சதுர மீட்டர் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பு ஒரு சதுர மீட்டருக்கு 7.85 கிலோ இருக்கும். நூலளவு 1.22 மீட்டரும் நீளம் 3.66 மீட்டரும், அதாவது பன்னிரண்டடியும் உள்ள தகட்டின் பரப்பு சுமார் 4.47 சதுர மீட்டர். 150 கிராம் பூச்சுடன் கூடிய 0.50 மில்லிமீட்டர் தகடாயின் அதன் எடை 18 கிலோவுக்குச் சற்று மேலிருக்கும். 0.40 மில்லிமீட்டர் தகடாயின் 15 கிலோவை எட்டாது. மூன்று கிலோ வித்தியாசத்தைக் கிராமத்துத் தராசே காட்டிவிடும். ரசீதில் இரும்பின் கனம், பூச்சின் கிராம், தகட்டின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்வது இருதரத்தாருக்கும் நன்மையாகும்.

வேலை தொடங்கும்வரை வைத்தல்

தகடுகளை ஒன்றன்மேலொன்றாகத் தரையில் அடுக்கி மழையில் நனையவிட்டால் இடையில் புகுந்த நீர் வெளியேற வழியின்றித் துத்தநாகத்தைத் தின்று வெண்மையான மாவுபோலப் பூக்கும். கூரையேறுமுன்னரே பூச்சின் ஆயுள் குறைந்துவிடும். ஆதலால் கட்டைகளின்மீது, ஒரு தலை சற்று உயர்ந்திருக்கும்படி, நிழலிலும் காற்றோட்டத்திலும் வைத்தல் வேண்டும். நனைந்துவிட்டால் உடனே தனித்தனியாகப் பிரித்து உலர்த்துக. உரமூட்டை, சுண்ணாம்பு, சிமெண்டு ஆகியவற்றின் அருகில் வைக்கலாகாது.

சட்டமும் சரிவும்

சரிவு மூன்றடி கிடைக்கு ஓரடி உயரம் என்ற கணக்கில் இருப்பது சாதாரண வழக்கம். ஐந்தடிக்கு ஓரடி என்பதற்குக் குறைந்தால் மழைநீர் மெல்ல ஓடும். காற்று அதனைப் பின்னோக்கித் தள்ளி இணைப்புகளின் வழியே உள்ளே ஏற்றும். ஆகவே அதற்குக் குறையலாகாது.

தகடு படியும் குறுக்குச் சட்டங்களுக்கு, அதாவது கைமரங்களின் குறுக்கே செல்லும் பர்லின்களுக்கு இடையே நாலடிக்கு மேல் இடைவெளி விடலாகாது. இறவாணத்திலும் முகட்டிலும் மூன்றரை அடியோ அதற்குக் குறைவோ இருக்கட்டும். மேற்கூறிய உதாரணக் கொட்டகையில் ஒவ்வொரு சரிவுக்கும் நான்கு சட்டங்கள் போட்டால் இடைவெளி மூன்றரை அடியாகும். பன்னிரண்டடித் தகடு ஒன்றே முகட்டிலிருந்து இறவாணம் வரையில் போதுமாதலால் நடுவில் ஒட்டு வேண்டுவதில்லை. இறவாணத்தில் தகடு சட்டத்துக்கு வெளியே ஓரடிக்கு மேல் நீளுதல் தவறு. நிழலுக்காக இரண்டடி, மூன்றடி நீட்டிவிடுவது காற்றின் கையில் பிடி கொடுப்பதாகும்.

பச்சை மரத்தின்மீது தகட்டைப் போடலாகாது. அதன் ஈரம் பூச்சைக் கெடுப்பதோடு, மரம் உலர்ந்து சுருங்கும்போது ஆணியும் ஸ்குருவும் தளரும்.

தகடு பரப்புதல்

மழைக்காற்று எத்திசையிலிருந்து அதிகமாக வருகிறதோ அதற்கு எதிர்க்கோடியிலிருந்து பரப்பத் தொடங்க வேண்டும். அப்போது ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பும் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். பக்கவாட்டில் ஒரு தகட்டின்மேல் மற்றொன்று இரண்டு மேடுகள் ஏறியிருத்தல் வேண்டும். அகன்ற நெளிவுள்ள புதுமாதிரித் தகடுகளுக்கு ஒரு மேடு போதுமென்று செய்தவர் குறித்திருப்பின் அதன்படி செய்யலாம். நீளவாட்டில் ஒட்டு வேண்டியிருந்தால் அது சட்டத்தின்மேலேயே அமைய வேண்டும். சரிவு இரண்டுக்கு ஒன்று அல்லது அதைவிடச் செங்குத்தாயிருப்பின் ஆறங்குலமும், அதற்குக் குறைந்தால் எட்டங்குலமும் மேலேறியிருக்கட்டும். முகட்டுத் தகடு இருபுறமும் எட்டங்குலத்துக்குக் குறையாமல் மூட வேண்டும்.

ஆனால் புயலுக்கு இவ்விதி மட்டும் போதாது. புயலின் நடுப்பகுதி கடந்து செல்லும் ஊரில் முதலில் ஒரு திசையிலிருந்து வீசிய காற்று, சிறிது நேரம் ஓய்ந்தபின் எதிர்த்திசையிலிருந்து வீசும். முன்பு முதுகு காட்டிய விளிம்பு அப்போது முகம் காட்டும். இதனால் பக்க இணைப்புகளையும் ஒன்றரை அடி முதல் இரண்டடிக்கு ஒரு சிறு போல்ட் வீதம் தைத்தல் வேண்டும். இச்சிறு செலவைப் பெரும்பாலோர் செய்வதில்லை.

தகட்டை வெட்டத் தகரக் கத்தரியையே உபயோகிக்க வேண்டும். சுழலும் கல்லால் வெட்டினால் அச்சூட்டில் விளிம்புப் பூச்சு எரிந்துபோம். துளையிடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்றன்றே பெருக்கித் தள்ளுக; கூரையில் தங்கினால் அது துருவேறி நல்ல தகட்டையும் கறைப்படுத்தும்.

போல்ட்டும் வாஷரும்

துளை தகட்டின் மேட்டில் இருக்க வேண்டும். நீரோடும் பள்ளத்தில் இருக்கலாகாது. ஆணியால் குத்தித் துளைப்பது கூடாது. துளைக் கருவியால் வட்டமாகத் துளைக்க வேண்டும். துளை போல்ட்டைவிடச் சிறிது பெரிதாயிருத்தல் நன்று. ஏனெனில் இருபதடித் தகடு இரவுக் குளிருக்கும் பகல் வெயிலுக்கும் இடையே 40 டிகிரி வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் நீளும். அலுமினியமாயின் அதற்கு இரு மடங்கு. அசைய இடமில்லாத தகடு துளையையே கிழித்துக்கொள்ளும்.

எட்டு மில்லிமீட்டர் பருமனுள்ள, துத்தநாகம் பூசிய கொக்கி போல்ட்டே பழகிய நல்ல பிடிப்பு. அது சட்டத்தை அடியிலிருந்து தழுவிப் பிடிக்கும். தகட்டின்மேல் முதலில் தார் வாஷர், அதன்மேல் கூம்பு வாஷர், அதன்மேல் நட்டு என்ற வரிசையில் அமைக்க வேண்டும். முறுக்கியபின் போல்ட்டின் நுனி நட்டுக்குமேல் பத்து மில்லிமீட்டராவது தெரியட்டும். இரும்புச் சட்டங்களுக்குத் தானே துளைத்தேறும் ஸ்குருவை உபயோகிப்பின் அதனுடன் ரப்பர் வாஷரும் உறுதியான உலோக வாஷரும் இருக்க வேண்டும். மரச் சட்டத்தில் வெறும் ஆணி அடிப்பது எக்காலத்தும் தகாது. காற்றின் ஒவ்வோர் அசைவிலும் ஆணி சிறிது சிறிதாக மேலே எழும்பும்.

முறுக்குதலிலும் அளவு வேண்டும். வாஷர் தகட்டோடு நன்கு படிந்தால் போதும். மேடு அமுங்கிக் குழியாகும்வரை முறுக்கினால் அக்குழியில் நீர் தேங்கிப் பின் அங்கேயே ஒழுகும்.

எத்தனை போல்ட் என்பதே முக்கிய கேள்வி. இறவாணச் சட்டத்திலும் முகட்டுச் சட்டத்திலும் கொட்டகையின் இரு கோடிகளிலும் ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. நடுச் சட்டங்களில் தகடொன்றுக்கு மூன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஐந்து மேடுள்ள தகடாயின் இக்கணக்கில் தகடொன்றுக்குப் பதினாறும், உதாரணக் கொட்டகைக்கு 320க்குச் சற்று அதிகமும் ஆகும். வேலைக்காரர் ஒரு மேடு விட்டு ஒரு மேட்டில் போட்டுச் சென்றால் அன்று ஒருவர் கண்ணுக்கும் குறை தெரியாது. புயலில் ஒவ்வொரு போல்ட்டும் தன் பங்கோடு இல்லாத போல்ட்டின் பங்கையும் சுமக்க வேண்டியதாகும்.

காற்று கூரையை ஒரே சீராக இழுப்பதில்லை, விட்டுவிட்டு இழுக்கிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிவதுபோல, வாஷரைச் சுற்றியுள்ள தகடு பலமுறை வளைந்து வெடிக்கிறது. பிறகு போல்ட் சட்டத்தில் நிற்க, தகடு மட்டும் அதன் தலைவழியே கழன்று போகிறது. ஆஸ்திரேலியாவில் 1974ஆம் வருஷம் டிசம்பர் 25ஆம் தேதி டார்வின் நகரத்தை அழித்த டிரேசி புயலுக்குப்பின் ஆராய்ந்தவர்கள், தகரக் கூரைகள் பறந்ததற்கு இவ்விதச் சோர்வே முக்கிய காரணம் என்று கண்டனர். அதன்பின் அங்குத் தகடுகளையும் பிடிப்புகளையும் மாறி மாறி வரும் இழுப்பில் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. அகன்ற வாஷர் இவ்வெடிப்பைத் தாமதப்படுத்தும். கடற்கரையோரத்தில் இதனை அவசியம் கொள்ள வேண்டும்.

இறவாணத்தை ஒட்டித் தகட்டின்மேல் 40 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள இரும்புப் பட்டையைக் கொட்டகையின் நீளம் முழுவதும் ஓடவிட்டு, அதனூடே போல்ட்டுகளை இறுக்குவது மிக நல்ல வழக்கம். காற்று முதலில் கைவைக்கும் விளிம்பை அப்பட்டை விடாமல் பிடித்திருக்கும்.

கூரையிலிருந்து தரை வரையில் ஒரே சங்கிலி

தகடு சட்டத்தைப் பிடித்தது. சட்டம் கைமரத்தைப் பிடித்ததா? கைமரம் விட்டத்தையும், விட்டம் தூணையும், தூண் நிலத்தையும் பிடித்தனவா? இச்சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் மற்றவற்றால் பயனில்லை. தகடுகள் ஒன்றும் கழலாமல் கூரை முழுவதும் சட்டங்களோடு பெயர்ந்து அடுத்த வயலில் விழுவது இதனால்தான். மரம் மரத்தோடு சேரும் ஒவ்வோர் இடத்திலும் இரும்புப் பட்டையை வளைத்துப் போல்ட் போடுதல் வேண்டும். செங்கற் சுவரின்மேல் வெறுமனே வைத்த விட்டம் தன் பாரத்தால் மட்டுமே இருப்பதாகும். அதனைப் பிடிக்கும் பட்டை சுவருக்குள் மூன்றடி இறங்கி, அடியில் குறுக்குக் கம்பியோடு புதைந்திருக்க வேண்டும்.

தூண்களின் அடி விஷயத்திலும் கணக்குப் பார்க்கலாம். இரண்டடிச் சதுரமும் மூன்றடி ஆழமுமாகக் குழி எடுத்துக் காங்கிரீட் நிரப்பினால் அதன் எடை சுமார் 800 கிலோவாகும். உதாரணக் கொட்டகைக்கு எட்டுத் தூண்களாயின் மொத்தம் 6,400 கிலோ. இது முன்கூறிய 4,700 கிலோ இழுப்புக்குப் போதும். கரையோரத்தில் மணிக்கு 160 கிலோமீட்டர் காற்றுக்கு இழுப்பு 8,400 கிலோவையும் தாண்டுமாதலால் அங்கே குழி இரண்டரை அடிச் சதுரமாயிருக்கட்டும். எட்டுக் குழிகளின் எடை 10,000 கிலோவாகும். தூணின் அடியில் குறுக்குக் கம்பி செருகாவிட்டால் காங்கிரீட் நிலத்தில் இருக்கத் தூண் மட்டும் உருவிக்கொண்டு வரும்.

வாடைக்காற்று வரும் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கங்களையும் அடைத்தல் ஆபத்தானது. புகுந்த காற்று வெளியேற வழியின்றிக் கூரையைத் தூக்கும்.

வெயிலும் பனிநீரும் எரு ஆவியும்

தகரத்தின் கீழ் மாடுகள் வெயிலில் துன்புறும் என்பது உண்மை. இறவாணம் எட்டடி உயரத்தில் இருப்பதும், முகட்டில் மழை புகாதபடி உயர்த்தி மூடிய காற்று வழி விடுவதும் இதற்குப் பரிகாரம். எரு ஆவியும் அவ்வழியே வெளியேறுமாதலால் தகட்டின் அடிப்புறம் அரிபடாமல் தப்பும். குளிர்ச்சிக்காகத் தகட்டின்மேல் கீற்றைப் பரப்புவோர் உண்டு. ஈரக் கீற்று ஒட்டிக் கிடக்குமிடத்தில் தகடு விரைவில் துருவேறும், இது வேண்டாம். சுண்ணாம்பு அடிப்பதும் துத்தநாகத்துக்கும் அலுமினியத்துக்கும் கெடுதியே. வெயிலைத் திருப்பும் வெண்ணிற வர்ணம் பூசலாம். அல்லது தகட்டுக்குக் கீழே ஓரடி இடைவெளி விட்டு மூங்கிற் பாய் கட்டலாம்.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை தகட்டின் அடியில் பனிநீர் அரும்பிச் சொட்டுவதுண்டு. நெல் அடுக்கிய களஞ்சியங்களில் மேல் மூட்டைகள் இதனால் பூஞ்சை பிடிக்கும். காற்றோட்டமும் மூங்கிற் பாயும் இதற்கும் உதவும். உரமூட்டைகளைத் தகட்டிலும் இரும்புத் தூணிலும் சாய்த்து வைக்கலாகாது.

கூரையிலிருந்து இறங்கும் நீரும் வீணாக வேண்டுவதில்லை. ஒரு மில்லிமீட்டர் மழை தரையளவில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டராகும். உதாரணக் கொட்டகையின்மேல் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,700 லிட்டர் வரையில் தொட்டியில் பிடிக்கலாம்.

மின்சாரமும் ஆள் பாதுகாப்பும்

பம்பு மோட்டார் உள்ள கொட்டகையில் மின்கம்பி தகட்டையோ இரும்புச் சட்டத்தையோ உரசினால் கூரை முழுவதும் மின்சாரம் ஏறும். தூணைத் தொடும் மனிதரும் மாடும் உயிரிழப்பர். கம்பியைக் குழாய்க்குள் செலுத்துவதும், இரும்புச் சட்டத்தைப் பூமியோடு இணைப்பதும், கசிவு கண்டவுடன் தானே அறுக்கும் கருவியை வைப்பதும் கட்டாயமானவை. மேலே மின்பாதை செல்லுமிடத்தில் நீளத் தகடுகளை நிமிர்த்தித் தூக்கலாகாது. காற்றடிக்கும் நாளில் கூரைவேலை வேண்டாம். தகட்டின்மேல் நடப்போர் சட்டத்தின் நேர்மேலேயே கால் வைக்க வேண்டும்.

ஆண்டுப் பரிசோதனையும் கிராம அதிகாரிகளின் கடமையும்

வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் தொடங்குமாதலால் புரட்டாசிக்குள் ஒருநாள் ஒதுக்கிக் கூரையைப் பார்வையிட வேண்டும். தளர்ந்த நட்டு, வெடித்த வாஷர், போல்ட்டைச் சுற்றிய துரு, விரிசல், கீழே தூணடியில் அரிப்பு ஆகியவற்றைக் கவனிக்க. மழைநீர் கழுவாத இறவாணத்தின் அடிப்புறத்தில் உப்பும் தூசியும் தங்கும். கடலோர ஊர்களில் அவ்விடத்தை நல்ல நீரால் அலம்புதல் நன்று. கூரைமேல் சாயக்கூடிய கிளைகளை முன்னதாகவே கழிக்க. கழற்றிப் போட்ட பழைய தகடுகளைத் தோட்டத்தில் தளர்வாக விடலாகாது. புயலில் பறக்கும் தகடு வீச்சரிவாளுக்கு ஒப்பாகும்.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் தம் பொறுப்பிலுள்ள கட்டடங்களில் இவ்விதிகளைக் கையாண்டு காட்டினால் மற்றவர்கள் தாமே பின்பற்றுவர். நெல் கொள்முதல் கொட்டகையோ களத்துக் கொட்டகையோ கட்டும்போது மதிப்பீட்டில் தகட்டின் விலையை மட்டும் எழுதாமல், போல்ட்டின் எண்ணிக்கை, இறவாணப் பட்டை, தூண் குழியின் அளவு ஆகியவற்றையும் தனித்தனியே எழுதச் செய்ய வேண்டும். வேலை முடிந்தபின் தகடுகளை எண்ணுவதோடு நில்லாமல் போல்ட்டுகளையும் எண்ணிப் பார்த்துப் பணம் கொடுப்பது உத்தமம். எண்ணிப் பார்க்கப்படாத போல்ட் பெரும்பாலும் போடப்படாத போல்ட்டே.

தகட்டைக் காசு கொடுத்து எவரும் வாங்கலாம். அதனைக் காற்று வாங்கிக்கொண்டு போகாமல் காப்பது போல்ட்டிலும் பட்டையிலும் தூணடியிலும் செலவிடும் சிறுதொகையும், வேலை நடக்கும் இரண்டொரு நாள் உடையவர் அருகிலிருந்து கவனிக்கும் பிரயாசையுமேயாகும். இவ்விரண்டையும் செய்த குடியானவர், புயல் எச்சரிக்கை வரும் இரவில் தம் நெல்லையும் மாட்டையும் பற்றிய கவலை குறைந்து, தம் குடும்பத்தாரோடு பத்திரமான இடத்தில் தங்கியிருப்பார்.